பதினோரு வினாடியில் ஆறு அட்டைகள்

சலவை நிலையத் தீ விபத்து சம்பந்தமாக, இன்று காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்துக்கு நேரில் வந்த பெண், தானாக முன்வந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயரும் வீட்டு முகவரியும் இதன் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளன. அந்தப் பெயரைச் சொல்லி என் வேலையிடத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "ரேடியோ" என்று கேட்டால் கேட் காவலாளியில் தொடங்கி எல்லோரும் கைகாட்டுவார்கள். வயது நாற்பத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. கையெழுத்துப் போடுவேன், எண்கள் படிப்பேன், பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மகனோடும் மருமகளோடும் ஒரே வீட்டில் இருக்கிறேன். மகன் வண்டி ஓட்டுகிறவன், நான்கு மாதமாக வேலை இல்லை. மருமகளுக்கு இது ஏழாம் மாதம். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் நிலையத்தில், இஸ்திரிக் கூடத்தில், பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த மாதம் ஒன்பதாம் தேதி புதன்கிழமை அங்கே தீப்பிடித்தது பற்றிச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே வந்தேன்.

அந்தத் தீயில் காயப்பட்டு மருத்துவமனையில் இருப்பவர் எனக்குச் சம்பந்தி, அதாவது என் மருமகளைப் பெற்ற தாய். எங்கள் கூடத்தில் சூடான பெரிய உருளை ஒன்று உண்டு. படுக்கை விரிப்பின் ஒரு முனையை ஒருவரும் மறு முனையை இன்னொருவரும் பிடித்து அதற்குள் விட வேண்டும். மறுபக்கம் இரண்டு பேர் வாங்குவார்கள், இரண்டு பேர் மடிப்பார்கள். ஆக ஓர் இயந்திரத்துக்கு ஆறு பேர். விடுகிற இடத்தில் நானும் அவரும் ஐந்து வருடம் எதிரெதிரே நின்றிருக்கிறோம். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அந்த ஒன்றும் "ம்" என்றுதான் இருக்கும். விரிப்புப் பிடித்தபடியே பேசித்தான் அவர் மகளை என் மகனுக்குக் கேட்டேன். அதற்கும் அவர் "ம்" என்றார். மூன்று விரிப்பு போன பிறகு, "என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றார். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது.

இனி அடையாள அட்டை விவரம். முன்பெல்லாம் எங்களுக்கு வருகைக்கு நோட்டுத்தான் இருந்தது. அதன் பிறகு விரல் வைக்கும் இயந்திரம் வாங்கி வைத்தார்கள். வருடக்கணக்காகச் சோடாவிலும் வெளுப்பு மருந்திலும் ஊறின கை எங்களுடையது, விரலில் ரேகை என்று ஒன்று இருந்தால்தானே அது படிக்கும். ஒருத்தி பத்து முறை விரலை வைத்து, துடைத்து, ஊதி, மறுபடி வைத்து நிற்பதற்குள் பின்னால் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே முடிந்துவிடும். அதனால் போன வருடம் அதை எடுத்துவிட்டு அட்டை கொடுப்பதாக முடிவு செய்தார்கள். எந்த மாதிரி அட்டை என்று கேட்பதற்கு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவரையும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவரையும் மேலாளர் அறைக்கு அனுப்பச் சொன்னார்கள். வாய் இருப்பவள் போகட்டும் என்று பெண்கள் என்னை அனுப்பினார்கள்.

அங்கே கம்ப்யூட்டர்காரர் இரண்டு மாதிரி அட்டைகளை மேசையில் வைத்தார். ஒன்றில் கடைப் பொட்டலத்தில் இருப்பது போலக் கறுப்புக் கோடுகள், பார்கோடு என்றார். இன்னொன்றில் சதுரத்துக்குள் புள்ளி புள்ளியாக இருந்தது. அதைக் காட்டினால் கேட்டில் இருக்கும் திரையில் நம் முகம் வரும் என்றும், காவலாளி அந்த முகத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் கணக்கில் ஏறும் என்றும் சொன்னார். கோடு போட்டதில் அந்த வேலை இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: "கோட்டுக்குள்ள உங்க நம்பர் மட்டும்தாம்மா இருக்கும். மிஷின் நம்பரத்தான் படிக்கும். கார்டு யாரு கையில இருக்குன்னு அதுக்குத் தெரியாது." இதை அவர் மறைக்கவில்லை. நான் காது கேட்காதவளும் இல்லை.

மேலாளர் என்னைப் பார்த்து எது வேண்டும் என்று கேட்டார். "எங்க மூஞ்சிய தினம் நாலு தடவ திரையில காட்டினா அந்த மிஷினே படுத்துரும் சார், கோடே இருக்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்து ஆளும் கோடே போதும் என்றார். அப்படித்தான் கோடு முடிவானது. வரிசை சீக்கிரம் நகரும் என்பதுதான் காரணம் என்று வெளியே சொன்னேன். ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் என் மண்டையில் ஓடியது. விரலைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுக்க முடியாது, முகத்தையும் கொடுக்க முடியாது, கார்டைக் கொடுக்கலாம்.

அதன் பிறகு அட்டைகள் வந்தன. கழுத்தில் மாட்டிக்கொண்டு இஸ்திரிக் கூடத்தில் நின்றால் ஆவியில் மேல் தாள் வளைந்து, கோடு நெளிந்து, இயந்திரம் படிக்க மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்துக் கோட்டைப் பெரிதாகப் போட்டு வேறு அட்டை கொடுத்தார். அதுவும் இரண்டு வாரத்தில் வளைந்தது. அதன் பிறகு மேற்பார்வையாளர், இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் மட்டும் அட்டையைக் கழுத்தில் மாட்ட வேண்டாம், வாசல் சுவரில் ஆணி அடித்து எண் போட்டுத் தருகிறோம், வேலை நேரத்தில் அதில் தொங்கவிடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். ஆணிகளுக்கு மேலேயே ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள். அடுத்தவர் அட்டையைக் காட்டினால் காட்டியவருக்கும் அட்டைக்காரருக்கும் வேலை போகும் என்று அதில் இருந்தது. பெரிய எழுத்துத்தான், நானே வாசித்தேன்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அந்த நேரத்தில் உள்ளே யாரும் இருக்கக் கூடாது, எல்லோரும் கேட்டில் அட்டை காட்டி வெளி முற்றத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. அறுபத்துநான்கு பேருக்கு அட்டை படிக்க ஒரே ஒரு இயந்திரம். அதனால் ஓர் இஸ்திரி இயந்திரத்துக்கு ஒருத்தி வீதம், தன் கூட்டத்து ஆறு அட்டைகளையும் ஆணியிலிருந்து எடுத்துப் போய் வரிசையாகக் காட்டிவிடுவது என்று நாங்களே பழக்கம் வைத்துக்கொண்டோம். எங்கள் கூட்டத்தில் முதலில் முறை வைத்து எடுத்தோம். அதன் பிறகு முறையெல்லாம் போய், முதலில் ஓடுகிறவள் நான் என்பதால் நானே எடுத்தேன். காவலாளிக்குத் தெரியும். என்னைக் கண்டாலே, "ரேடியோ வந்தாச்சு, ஆறு பாட்டு போடும்" என்பார். நானும் ஆறு முறை பீப் அடித்துவிட்டு, விளம்பர இடைவேளை என்பேன். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போகும்போது பார்த்திருக்கிறார், ஒன்றும் சொன்னதில்லை.

சம்பந்தி மட்டும் முதல் வாரம் இதற்குச் சம்மதிக்கவில்லை. தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். "என்ன சம்பந்தி, கார்டுக்கு அடியில நகை ஏதாச்சும் ஒட்டி வச்சிருக்கீங்களா, என் கையில குடுக்க இப்படி யோசிக்கிறீங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறுநாள் அவர் அட்டை ஆணியிலேயே தொங்கியது. நான் எடுத்துக்கொண்டேன். இதை இங்கே சொல்லக் காரணம், இது அவர் கேட்டு நடந்தது இல்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

அவருக்கு நின்று நின்று கால் வீங்கும். போன இரண்டு மாதமாக இடைவேளையில் முற்றத்துக்கு வராமல், உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் துணி அறையில் மடித்த துணி மூட்டையில் காலைத் தூக்கிவைத்துச் சாய்ந்துகொள்வார். அட்டை வெளியே போய்விடுவதால் யாரும் தேட மாட்டார்கள். அங்கே படுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மற்ற நான்கு பேருக்கும் அரைகுறையாகத் தெரியும்.

ஒன்பதாம் தேதி பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சம்பந்தி முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். செருப்பு வார் காலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. "கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்" என்றார். அட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து ஆறையும் எடுத்துக்கொண்டு போய் கேட்டில் காட்டினேன். ஆறு முறை பீப் வந்தது. அதன் பிறகு முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்தோம். ஆறு அட்டையும் என் இடுப்புப் பையில் இருந்தன.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அபாயச் சங்கு ஊதியது. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். காவலாளியின் அறையில் பெரிய சுவர்க் கடிகாரம் இருக்கிறது, நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே. அன்றைக்கு அதைப் பார்த்தது போல என் வாழ்நாளில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. மூன்றாம் எண் உலர்த்தும் இயந்திரத்தின் புகைக்குழாயில் பஞ்சு அடைத்துத் தீப்பிடித்ததாகப் பின்னால் சொன்னார்கள். முதலில் கூரை ஓரத்தில் வெள்ளையாகப் புகை வந்தது, அதன் பிறகு கறுப்பாக வந்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்து, உள்ளே எத்தனை பேர் என்று காவலாளியைக் கேட்டார். காவலாளி திரையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே: 0 என்று இருந்தது. அது எனக்கும் தெரிந்தது. மேற்பார்வையாளர் தீயணைப்புக்குத் தொலைபேசியில், ஒருத்தரும் உள்ளே இல்லை, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொன்னார். ஆள் இல்லை என்றால் காற்றுப் போகாமல் ஷட்டர்களை இறக்கிவிட வேண்டும் என்பது அங்கே விதி. பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு இரண்டு ஷட்டரையும் இறக்கினார்கள்.

அப்போது நான் காவலாளி அறைக்கு நான்கடி தள்ளி நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தி சங்குச் சத்தம் கேட்டு, துணி வண்டிகள் வரும் பின்கதவு வழியாக வந்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொண்டேன் என்று எழுதுங்கள். போய்ப் பார்த்தேன். குழாயடியில் இல்லை, கழிப்பறைப் பக்கம் இல்லை, வண்டி நிறுத்துமிடத்தில் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. துணி அறையிலிருந்து அந்தக் கதவுக்கு உலர்த்தும் இயந்திரங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றேன். ஆறு பேர் வேலையும், வேலை இல்லாத மகனும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மருமகளும், ஆணிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. எங்கள் கூட்டத்தில் மடிக்கும் வேலை செய்யும் பெண் என்னிடம் வந்து, "ரேடியோக்கா, உங்க சம்பந்தி எங்க, காணோமே" என்று கேட்டாள். நான், "என் வாய்க்குப் பயந்து எங்கயாச்சும் ஒளிஞ்சிருப்பாங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நான்கு நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

ஒன்று ஐந்துக்குக் காவலாளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, சம்பந்தி உள்ளே இருக்கிறார், துணி அறையில் பாருங்கள் என்று சொன்னேன். அவர் திரையைப் பார்த்து, அவர் எண் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வெளியே போயிருக்கிறதே என்றார். "கார்டு வெளிய இருக்கு. ஆளு உள்ள இருக்காங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று எண்ணி, "இந்த நேரத்துல என்னம்மா விளையாட்டு, மிஷின் பொய் சொல்லாது" என்றார். "மிஷின் சொல்லலை சார். நான் சொன்ன பொய்ய அது திருப்பிச் சொல்லுது" என்று சொல்லி, இடுப்புப் பையிலிருந்து சம்பந்தியின் அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். காவலாளி அதற்குள் ஓடிப்போய் ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஷட்டரைத் தூக்கத் தொடங்கிவிட்டார். ஒன்று ஏழுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. ஒன்று பன்னிரண்டுக்குச் சம்பந்தியை நனைத்த விரிப்பில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஷட்டரை முழுதும் தூக்கியபோது அதன் உள்பக்கம் எனக்குத் தெரிந்தது. கரி படிந்த தகட்டில் உள்ளங்கை அடையாளங்கள் இருந்தன. மேலே இருந்தவை தெளிவாக இருந்தன. கீழே வர வர அவை வெறும் இழுப்பாக இருந்தன, கடைசி அடையாளம் என் முழங்கால் உயரத்தில் இருந்தது.

அதன் பிறகு நடந்தது. பன்னிரண்டாம் தேதி மேற்பார்வையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைப் படித்துக் காட்டினார். பாதிக்கப்பட்ட பெண் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குத் தன் அட்டையைக் காட்டி வெளியேறிவிட்டார், அதன் பிறகு சொந்த விஷயமாகப் பின்கதவு வழியே அனுமதியில்லாமல் உள்ளே போயிருக்கிறார், ஆகவே அவர் அப்போது வேலையில் இல்லை, அவர் சிகிச்சைக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதில் இருந்தது. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததே, வெளியிலிருந்து எப்படிப் போக முடியும் என்று கேட்டேன். அவர் தாளை மடித்து வைத்தார். அட்டையை என் பையிலிருந்து எடுத்து நான்தானே உங்களிடம் காட்டினேன் என்றேன். அந்த அமளியில் யார் என்ன காட்டினார்கள் என்று தனக்கு நினைவில்லை என்றார். எழுந்திருக்கும்போது, "ரேடியோவ கொஞ்ச நாளைக்கு அணைச்சு வைம்மா, உனக்கும் நல்லது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே கம்ப்யூட்டர்காரரிடம் போனேன். இயந்திரத்தில் அன்றைக்கு என்ன பதிவாகி இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். அதில் பன்னிரண்டு முப்பத்தொன்று, நான்காவது வினாடியில் என் எண் இருக்கிறது. பதினைந்தாவது வினாடியில் ஆறாவது எண் இருக்கிறது. சம்பந்தியின் எண் நான்காவது. கேட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஆள் நுழைகிற கம்பிக் கதவைத் தள்ளி, நின்று, காட்டி, நகர ஐந்து வினாடியாவது ஆகும், பதினோரு வினாடியில் ஆறு பேர் போகவே முடியாது, ஆறு அட்டையும் ஒரே கையில்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். போன ஒரு வருடத்தில் எந்த நாளை எடுத்தாலும் அதே ஆறு எண்கள் இப்படித்தான் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்றார். யார் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்ல என்றேன். "நான் குடுத்தேன்னே சொல்லுங்க. இது பூட்டி வச்ச ரகசியம் இல்ல. யாரும் எடுத்துப் பாக்கல, அவ்வளவுதான்" என்றார். அந்தத் தாளை இத்துடன் கொடுக்கிறேன்.

நேற்று மருமகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சம்பந்திக்கு இரண்டு கையிலும் விரல் நுனி வரை கட்டு. தொண்டை புகையில் வெந்து குரல் போய்விட்டது, காற்று மாதிரிதான் வருகிறது. நிலையத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து போனதாகச் சொன்னார். அட்டையை வேறொருவர் காட்டியதாகத் தெரிந்தால் விதிப்படி இரண்டு பேருக்கும் வேலை போகும், நீயே காட்டியதாகச் சொன்னால் உன்னோடு போகும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்து வந்து கேட்டபோது, அட்டையைத் தானே காட்டிவிட்டுத் தானே திரும்ப உள்ளே போனதாகச் சம்பந்தி சொல்லிவிட்டார். கையில் கட்டு இருந்ததால் கையெழுத்து இல்லாமல், நர்ஸம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாள் உங்களிடம்தான் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதைக் காதை வாயருகே வைத்துத்தான் கேட்க முடிந்தது. "எனக்குப் போனது போச்சு. உங்களுக்கும் வேலை போனா அந்த வீட்டுல அடுப்பு எப்படி எரியும் சம்பந்தி? எம்பொண்ணு அங்கதான சாப்பிடுறா. இனிமே யாரு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்குக் கேலிதான் வரும். "அஞ்சு வருஷமா நீங்க நாலு வரி சேர்ந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல சம்பந்தி. முதல் தடவையா போலீஸ்காரங்ககிட்டப் பேசியிருக்கீங்க, அதுவும் முழுசா பொய்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கட்டுப் போட்ட இரண்டு கையும் படுக்கையில் அடித்துக்கொண்டன. நர்ஸம்மா வந்து என்னைத் திட்டி வெளியே போகச் சொன்னார்.

வெளியே நடைக்கூடத்தில் மருமகள் நின்றிருந்தாள். நாங்கள் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்கிறது. "அத்தை, அன்னைக்கு எங்கம்மா கார்ட யாரு காட்டினது" என்று கேட்டாள். நான்தான் என்றேன். உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். ஷட்டர் இறக்கியபோது எங்கே நின்றீர்கள் என்றாள். அதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் என்றாள். ஒன்பது நிமிடம் என்றேன். "ஒம்பது நிமிஷத்துல எங்கம்மா எத்தன தடவ தட்டியிருப்பாங்க அத்தை" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். வீட்டில் வழக்கம்போலச் சமைத்தாள், எனக்கும் போட்டாள். இன்று காலை தேநீரைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் புறப்படும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. என் மகனிடம் சொன்னேன். அவன் தெரு வாசல் வரை வந்தான்.

ஆகையால் நான் சொல்ல வந்தது இதுதான். சம்பந்தி ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு வேலைக்குள் போனவர், தீயணைப்புக்காரர்கள் தூக்கி வரும்வரை வெளியே வரவே இல்லை. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வெளியே போனது அவருடைய அட்டை மட்டும். அதைக் காட்டியது என் கை. அவர் கேட்டுக் காட்டவில்லை. அவர் உங்களிடம் முன்பு சொன்னது உண்மை அல்ல, என்னைக் காப்பாற்றச் சொன்னது. அதற்காக அவர்மேல் எந்த வழக்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இங்கே வந்தது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் என்னோடு பேச மாட்டார். முன்பும் பெரிதாகப் பேசியவர் இல்லை. அந்த அட்டையை இப்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். அவரே காட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் அது அவரோடு கருகியிருக்க வேண்டும், இந்த ஆறு நாளாக என் பையில் இருந்திருக்காது. மேல் தாள் கொஞ்சம் வளைந்திருக்கிறது, கோடுகள் நன்றாக இருக்கின்றன, எந்த இயந்திரத்தில் வைத்தாலும் படிக்கும். அட்டையில் இருக்கும் படத்தில் அவர் சிரிக்கவில்லை. எடுக்கும்போது பக்கத்தில் நின்று சிரிக்கவைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

இதை முழுதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். படித்த பிறகு எழுதியவர், ஷட்டர் இறக்கியபின் நான் பேசாமல் நின்ற ஒன்பது நிமிடமும், மடிக்கும் பெண்ணிடம் சொன்ன கேலியும் சம்பந்தியின் பக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, அவை எனக்கே எதிராகப் போகும், விரும்பினால் அடித்துவிடலாம் என்று எடுத்துச் சொன்னார். அடிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்றார். "அத எடுத்துட்டா நான் இங்க வந்தது சாட்சி சொல்லன்னு ஆயிடும் ஐயா. நான் அதுக்கு வரல" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இங்கே உள்ளது எல்லாம் என் வாயால் நான் சொன்னது. யாரும் மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கூட்டியும் குறைத்தும் எழுதப்படவில்லை என்று காதால் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. ஓர் அடையாள அட்டையும் ஒரு பக்க அச்சுத் தாளும் பெற்றுக்கொள்ளப்பட்டன.

(உதவி ஆய்வாளர்)